பர்மிங்ஹாம் குப்பையும் பாலக்கோட்டு ஓட்டும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். எனக்குப் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 2011இல் பொறியியல் சேர்ந்தேன், சென்னையில் சில வருடம் வேலை பார்த்தேன், 2021 செப்டம்பரில் இங்கிலாந்து வந்தேன். இப்போது பர்மிங்ஹாமில் மென்பொருள் வேலை. மகளிர் இலவசப் பேருந்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. கீரைக்கட்டோடு ஓர் அம்மா காசு கொடுக்காமல் தருமபுரி போய் வருவதை ஏதோ தண்டி யாத்திரை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். இப்படி ஓசியிலேயே பழக்கினால் நாடு எப்படி உருப்படும்? எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். யார் தயவிலும் படிக்கவில்லை.

ஊர் ஜனங்கள் காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுகிறார்கள். அப்புறம் தலைவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? ஊர்த் தண்ணீர் குடித்து என் அப்பாவுக்குப் பல்லெல்லாம் கறை, முட்டி மடங்காது. எந்தக் கட்சி என்ன செய்தது?

இங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. 2025 மார்ச்சிலிருந்து குப்பை அள்ளுகிறவர்கள் வேலைநிறுத்தம். பெருச்சாளி பூனை சைஸில் திரிகிறது. வீட்டு வரியை மட்டும் ஒரு வருடம் பத்து சதவீதம், மறுவருடம் ஏழரை சதவீதம் ஏற்றினார்கள். டாக்டரைப் பார்க்கக் காலை எட்டு மணிக்கே போனில் வரிசை. 2024 ஆகஸ்டில் கலவரம் நடந்த வாரம் மனைவியைத் தனியே கடைக்கு அனுப்பவில்லை. ஐந்து வருடம் இருந்தால் நிரந்தரமாகத் தங்கலாம் என்று நம்பி வந்தோம், இப்போது பத்து என்கிறார்கள். ஆனாலும் இங்கே ஓட்டுக்கு எவனும் காசு கொடுப்பதில்லை.

கடைசியாக ஒன்று. வாக்காளர் பட்டியலைத் திருத்துகிறோம் என்று சொல்லி என் பெயரையே எடுத்துவிட்டார்கள். ஊர் வாட்ஸப் குழுவில் கேட்டால், "நீதான் அங்கயே செட்டில் ஆயிட்டியே, உனக்கெதுக்கு எங்க அரசியல்" என்கிறார்கள். மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவனுக்குப் பேச உரிமை இல்லையா?

மு., பர்மிங்ஹாம்

*

அன்புள்ள மு.,

பேசுங்கள், தாராளமாகப் பேசுங்கள். காரிமங்கலத்தில் டீ குடித்துக்கொண்டே அமெரிக்க ஜனாதிபதிக்கு யோசனை சொல்கிற ஆட்கள் நாம். சொந்த ஊரைப் பற்றி நீங்கள் வாய் திறக்கக் கூடாது என்று சொல்ல அந்த வாட்ஸப் குழுவில் ஒருவருக்கும் யோக்கியதை கிடையாது. அதிலும் "செட்டில் ஆயிட்டியே" என்கிற பேச்சு நம் பக்கத்துக்காரன் வாயில் வரவே கூடாது. நமக்கு வெளியூர்ப் பிழைப்பு விமான நிலையத்தில் தொடங்கவில்லை, அத்திப்பள்ளி செக்போஸ்டில் தொடங்கியது. பென்னாகரம், அரூர், ஊத்தங்கரைப் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் பெங்களூரில் கம்பி கட்டிக்கொண்டோ கலவை தூக்கிக்கொண்டோ இருக்கிற ஓர் ஆள் உண்டு.

1991 டிசம்பரில் பெங்களூரில் காவிரிக் கலவரம். நான் அப்போது கிருஷ்ணகிரிப் பக்கம் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்த புதிது. பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கிய கூட்டத்தில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையும் கையில் குக்கருமாக நின்றாள். வேறு மூட்டை முடிச்சு ஒன்றும் இல்லை. குழந்தைக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுக்கப் போனபோது குக்கருக்குள் பார்த்தேன், களைந்த அரிசி தண்ணீரோடு அப்படியே இருந்தது. அடுப்பில் ஏற்றப் போன நேரத்தில் கிளம்பியிருக்கிறாள். நடுவர் மன்றம் இடைக்கால உத்தரவில் எத்தனை டிஎம்சி கொடுக்கச் சொன்னது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. உங்கள் கடிதத்தில் 2024 ஆகஸ்ட் என்ற வரியைப் படித்ததும் எனக்கு அந்தக் குக்கர்தான் நினைவுக்கு வந்தது. உங்கள் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஓட்டுக்குக் காசு விஷயம். வாஸ்தவம்தான், மறைக்க ஒன்றுமில்லை. எங்கள் வீட்டுக்கே கவர் வந்தது. நான் வெளியே போயிருந்த நேரம். என் மனைவி வாங்கிக் கடுகு டப்பாவுக்குள் வைத்துவிட்டாள். வாத்தியார் வீட்டில் இப்படி ஒரு காரியமா என்று கத்தினேன். "திருப்பிக் குடுத்தா அந்தப் பையன் அவன் பாக்கெட்ல போட்டுக்குவான், பரவால்லையா?" என்றாள். யாருக்குக் குத்தினாள் என்று இன்றுவரை சொன்னதில்லை. பணம் மளிகைக் கடைப் பாக்கியில் கழிந்தது. அந்தக் கடை வழியாகப் போகும்போது எனக்கு இன்னமும் கூச்சம்தான்.

ஆனால் கவரை வைத்தே ஜனங்களை அளந்துவிடலாம் என்று நினைத்தால் தப்பு. 2024 ஏப்ரல் 19 பாராளுமன்றத் தேர்தலில் தருமபுரித் தொகுதியில் 81 சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. தமிழ்நாட்டிலேயே அதுதான் முதலிடம். மாநிலம் மொத்தமும் சேர்த்தால் 70ஐத் தொடவில்லை. அதற்கு முந்தைய ராத்திரி நான் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். ஓசூர், ராயக்கோட்டை வழியாக வந்த ஒரு பஸ்ஸில் படியில்கூட ஆள். இறங்கியவர்களில் ஒருவர் என் பழைய மாணவரின் அண்ணன். சர்ஜாபுரம் ரோட்டில் சென்ட்ரிங் வேலை. கணுக்கால் வரை சிமெண்ட் பூத்திருந்தது, கழுவிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் பஸ் பிடித்திருக்கிறார். குறும்புக்குக் கேட்டேன், கவர் வந்துவிட்டதா என்று. "வந்துச்சு சார், வூட்ல குடுத்துட்டுப் போயிருக்காங்க. போக வர பஸ்ஸு, ரெண்டு நாள் கூலி எல்லாம் பாத்தா நான்தான் அவங்களுக்குக் காசு குடுக்கறேன்."

அதே வருடம் ஜூலை 4, உங்கள் ஊரில் பொதுத்தேர்தல். நாடு முழுவதும் ஏறக்குறைய 60 சதவீதம் பேர்தான் போட்டார்கள். நீங்கள் போட்டீர்களா? போட்டிருந்தால் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியாவது வந்திருக்கும். இல்லை என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். பிரிட்டனில் விசாவில் குடியிருக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் அந்த நாட்டுப் பாராளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம். இந்தியா காமன்வெல்த் நாடு. பிரிட்டிஷ் குடியுரிமை வேண்டியதில்லை, பெயரைப் பதிந்துகொண்டால் போதும். வாக்குச்சாவடியில் படம் போட்ட அடையாளச் சான்று கேட்பார்கள், நம் இந்திய பாஸ்போர்ட்டே செல்லும். அமெரிக்காவில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. உங்கள் கையில் நாலு வருடமாக இருக்கிறது.

2022 மே மாதம் பர்மிங்ஹாம் மாநகராட்சித் தேர்தல் நடந்தது. நீங்கள் போய் எட்டு மாதம். 2023 செப்டம்பரில் மாநகராட்சி கஜானா காலி என்று அறிவித்தது, அப்புறம் வரி ஏறியது, அப்புறம் குப்பை. எல்லாம் அந்தத் தேர்தலில் வந்த நிர்வாகத்தின் காலத்தில்தான். ஐந்து வருடத்தைப் பத்தாக்கும் யோசனையை 2025 மே மாதம் வெள்ளை அறிக்கையாகக் கொண்டுவந்தது 2024 ஜூலையில் வந்த அரசு. உங்கள் ஓர் ஓட்டில் இதில் எதுவும் மாறியிருக்காது, ஒத்துக்கொள்கிறேன். சென்ட்ரிங்காரர் ஓட்டிலும் இங்கே ஒன்றும் மாறவில்லை. இருந்தாலும் அவர் படியில் தொங்கிக்கொண்டு வந்தார். உங்கள் வாசலில் பெருச்சாளி ஓடுகிறது, நீங்கள் பாலக்கோட்டு ஜனங்களுக்கு ஓட்டுப் போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இதைத்தான் நான் உங்களிடம் சொல்ல வந்தேன். மற்றதெல்லாம் உபரி. ஆனாலும் ஓசி என்று எழுதிவிட்டீர்களே, அதைச் சும்மா விட மனசில்லை.

முதல் பட்டதாரி சலுகை 2010இல் வந்தது. கலந்தாய்வு மூலம் தொழிற்படிப்பில் சேருகிற பையனோ பெண்ணோ குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்றுக்கொள்ளும். நீங்கள் சேர்ந்தது 2011. கலந்தாய்வில் சேர்ந்திருந்தால் வாங்கியிருப்பீர்கள். அந்தச் சான்றிதழுக்காக உங்கள் அப்பா மடங்காத முட்டியோடு தாலுகா ஆபீஸ் படி எத்தனை தடவை ஏறினார் என்று இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் கேளுங்கள்.

பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் வேறு கொடுத்தார்கள். சைக்கிள் கொடுக்கிற நாள் பள்ளிக்கூடத்தில் பெரிய கூத்து. டயரில் காற்று இருக்காது, பெடல் ஆடும், செயின் தொங்கும். ஏறி ஓட்ட முடியாது. பிள்ளைகள் புதுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரிசையாக சைக்கிள் கடைக்குப் போவார்கள். கடைக்காரர் அன்றைக்கு ராஜா, பம்ப் அடிக்க இரண்டு பையன்களைக் கூலிக்கு வைத்துக்கொள்வார். சீட்டின் மேல் இருக்கிற பிளாஸ்டிக் உறையை மட்டும் ஒருவரும் கிழிக்க மாட்டார்கள். அடுத்த பேட்ச் சைக்கிள் வந்து இறங்கும்போதும் பழைய சைக்கிள்களில் அந்த உறை கந்தலாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சைக்கிளை நீங்களும் ஓட்டியிருப்பீர்கள். அப்போது யாரும் உங்களை ஓசி என்று கூப்பிடவில்லை. மகளிர் கட்டணமில்லாப் பயணம் வந்தது 2021 மே மாதம், நீங்கள் விமானம் ஏறுவதற்கு நாலு மாதம் முன்னால். அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரியவில்லை. ஒருவேளை, ஏறுகிறவர்கள் வயதான பெண்கள், கீரை விற்கிறவர்கள் என்பதுதானோ?

எனக்கும் அந்தப் பஸ்ஸில் கோபம் உண்டு. நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் சில டிரைவர்கள் நாற்பது அடி தள்ளிப் போய் நிறுத்துவார்கள், சிலர் நிறுத்தவே மாட்டார்கள். நான் எழுதிய அதே கீரைக்காரம்மா கூடையோடு ஓடி, எட்டிப் பிடிக்க முடியாமல் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ரேஷன் கடையில் இன்னொரு கதை. எங்கள் தெருவில் புளி தட்டுகிற ஒரு கிழவி, கொட்டை எடுத்து எடுத்து விரல் நுனி வழுவழுவென்று தேய்ந்து போயிருக்கிறது. மெஷினில் வைத்தால் ரேகை விழாது. "ரேகை விழல ஆயா, கண்ணக் காட்டு" என்பார்கள். கண்ணில் புரை. அவள் வாங்குகிற அரிசிக்குக் கொடுக்கிற விலை அந்த வெயிலும் அந்த நிற்பும். இதைப் பற்றி நீங்கள் கோபப்பட்டு எழுதியிருந்தால் நானும் கூட நின்று கத்தியிருப்பேன்.

தண்ணீர் விஷயத்தில் அப்பாவுக்கு நேர்ந்தது கொடுமை. நம் பாறைக்குள் இருக்கிற ஃப்ளோரைடு போர் தண்ணீரில் இறங்கிப் பல்லையும் எலும்பையும் கெடுத்தது ஒரு தலைமுறைக் கதை. ஆனால் ஒன்றும் செய்யவில்லை என்பது சரியல்ல. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் கருணாநிதி அடிக்கல் நாட்டினார், கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது, 2013இல் ஜெயலலிதா திறந்துவைத்தார். யாருடைய திட்டம் என்ற சண்டை மேடையில் இன்னும் ஓயவில்லை. எங்கள் தெருவில் குழாய் தினமும் வருவதில்லை, வருகிற அன்று குடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கு அந்தச் சண்டை காதில் விழுவதுமில்லை.

இனி உங்கள் பெயர். அந்தத் திருத்தத்தில் தமிழ்நாட்டின் வரைவுப் பட்டியலிலிருந்து 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் போயின. இங்கேயே குடியிருந்தும் பெயரைப் பறிகொடுத்தவர்களின் புலம்பல் தனி, அதில் எனக்கும் கேள்விகள் உண்டு. உங்கள் பெயர் போனதில் சதி இல்லை. ஒருவர் வழக்கமாக எங்கே குடியிருக்கிறாரோ அங்கேதான் பெயர் இருக்க முடியும். வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்காக 2010இல் சட்டத்தைத் திருத்தித் தனி வழி வைத்தார்கள், படிவம் 6ஏ என்று பெயர். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காதவரை உங்களுக்கு அது உண்டு. ஆனால் தபால் ஓட்டு கிடையாது. நேரில் வந்து, அசல் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் போட வேண்டும். ஆள் வைத்துப் போடலாம் என்ற மசோதா 2018இல் மக்களவையில் நிறைவேறி, அதோடு காலாவதியாகிவிட்டது. இதில் உங்களுக்குக் கோபம் வந்தால் அது நியாயமான கோபம். பெங்களூரிலிருந்து வருகிற பஸ்ஸுக்கும் பர்மிங்ஹாமிலிருந்து வருகிற விமானத்துக்கும் ஒரே சட்டம் என்பது அநியாயம்தான்.

இருந்தும் வருகிறவர்கள் வருகிறார்கள். 2024இல் தேர்தல் ஆணையக் கணக்குப்படி இப்படிப் பெயர் பதிந்திருந்தவர்கள் 1,19,374 பேர். நேரில் வந்து போட்டவர்கள் 2,958 பேர். அதில் கேரளம் மட்டும் 2,670. மிச்ச இந்தியா முழுவதற்கும் 288 பேர். வளைகுடாவிலிருந்து கூட்டமாக விமானம் ஏறி வந்து போட்டுவிட்டுப் போகிற மலையாளிகளைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

படிவத்தை நிரப்புமுன் ஒரு காரியம் செய்யுங்கள். பாஸ்போர்ட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். அதில் இருக்கிற இந்திய விலாசத்தில்தான் பெயர் சேர்ப்பார்கள். சென்னையில் வேலை பார்த்தபோது எடுத்த பாஸ்போர்ட்டாக இருந்து, வேளச்சேரி வாடகை வீட்டு விலாசம் அதில் இருந்தால், உங்கள் ஓட்டு வேளச்சேரிக்குத்தான். பாலக்கோட்டு வாட்ஸப் குழுவில் அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.