வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் தங்கள் உடம்பையும் மனசையும் எப்படிப் பார்த்துக்கொள்வது? எந்நேரமும் அலுப்பாகவே இருக்கிறதே?

பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறோம். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம், கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி. ஒன்பது வயசுப் பெண்ணும் ஆறு வயசுப் பையனும் பள்ளிக்கூடம் போகாமல் என்னிடம்தான் படிக்கிறார்கள். ஏன் என்பது வேறு கதை, அதற்கு இங்கே இடமில்லை.

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் "காலையில் சீக்கிரம் எழுந்து யோகா செய்யுங்கள்" என்று ஒரு பதில் வரும். விடியுமுன்னே பால் கறந்து சொசைட்டிக்கு அனுப்புகிற வீட்டில் 'சீக்கிரம்' என்றால் எத்தனை மணி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வேலை அதிகம் என்பதால் மட்டும் இந்த அலுப்பு வருவதில்லை. பள்ளிக்கூட டீச்சருக்கு நாலு மணிக்கு மணி அடித்துவிடும். நமக்கு மணியே கிடையாது. குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று "அம்மா, ஆறேழு நாப்பத்திரண்டா, நாப்பத்தாறா?" என்று கேட்பாள். பதில் சொன்னால் டீச்சருக்கு ஓய்வில்லை, சொல்லாவிட்டால் அம்மாவுக்கு மனசு உறுத்தும்.

ஆகவே முதலில் மணி அடிக்கிற நேரத்தை முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் பன்னிரண்டரைக்குப் பாடம் முடிந்தது. அதற்கப்புறம் வரும் சந்தேகங்களுக்குச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு நோட்டு தொங்குகிறது, நூல் கட்டிய பென்சிலோடு. எழுதிவை, நாளைக் காலையில் பார்க்கலாம். சின்னவனுக்கு இன்னும் கோர்வையாக எழுத வராது, வரைந்து வைப்பான். போன வாரம் ஒரு பல்லி, அதற்குப் பக்கத்தில் வால் மட்டும் தனியாக. அந்த வால் மறுபடி முளைக்குமா என்பது கேள்வி. மறுநாள் அதிலேயே அரை மணி நேரப் பாடம் ஓடியது.

காலை நேரம் மட்டும் போதுமா என்று பயப்பட வேண்டாம். நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் ஆஜர் எடுப்பதற்கும் சத்தத்தை அடக்குவதற்கும் நோட்டுத் திருத்துவதற்கும் போகிற நேரம் நமக்கு மிச்சம். இந்த வயசில் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு, மூன்று மணி நேரம் தாராளம். ராத்திரி பதினொரு மணிக்கு ஒர்க்‌ஷீட் தேடி மொபைலைத் தடவுவதை விட்டாலே பாதி அலுப்பு போய்விடும்.

அடுத்தது, வீட்டுக்காரரின் பங்கு. "நான் பாத்துக்கறேன், என்ன செய்யணும்னு மட்டும் சொல்லு" என்பார்கள். அந்த 'மட்டும்'தான் வேலையே. யோசிக்கிற பாரம் நம் தலையில் இருக்கிறவரைக்கும் அதற்குப் பெயர் ஓய்வில்லை. புதன், சனி மதியம் முழுக்க அவர் பொறுப்பு என்று விட்டுவிட்டேன். பால் சீட்டை வைத்துக்கொண்டு கொழுப்புக்கு என்ன விலை, லிட்டருக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். சில நாள் ஒன்றுமே நடக்காது, தோப்பில் ஓணானைத் துரத்திக்கொண்டிருப்பார்கள். நான் கேட்பதுமில்லை, திருத்துவதுமில்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பது யோகாவைவிடக் கஷ்டம்.

அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளேயே இருக்காதீர்கள், துணி மடிக்க ஆரம்பித்துவிடுவோம். கேரளத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி, வாயனசாலை, அதாவது ஊர் நூலகம். 1945இல் பி.என். பணிக்கர் திருவிதாங்கூரில் தொடங்கி வைத்த கிரந்தசாலா சங்கம் (நூலகச் சங்கம்) பிற்பாடு மாநிலம் முழுக்கப் பரவியதால், சின்ன ஊரிலும் நாலு அலமாரிப் புத்தகமும் உட்கார ஒரு பெஞ்சும் இருக்கும். பிள்ளைகளுக்கு எது உதவும் என்று தேடாமல், நமக்குப் பிடித்ததை எடுத்துப் படிக்கணும். இன்னொன்று குடும்பஸ்ரீ அயல்கூட்டம். 1998இல் வந்த கேரள அரசுத் திட்டம், அக்கம்பக்கத்தில் பத்திலிருந்து இருபது பெண்கள் வாரம் ஒருதரம் கூடுவோம். சேமிப்பு, கடன் என்று பேச்சு ஆரம்பித்து யார் வீட்டு மாடு கன்று போட்டது என்பதில் போய் முடியும். அங்கே யாரும் என்னிடம் பாடம் கேட்பதில்லை. தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு மகளிர் சுய உதவிக் குழு இருக்கிறது.

உறவுக்காரர்களுக்குப் பதில் சொல்லியே பாதிச் சக்தி போகும். எங்கள் அத்தை விசேஷத்துக்கு விசேஷம் கேட்பார்: "ஏம்புள்ள, இப்படியே உட்டா பத்தாவது எப்படி எழுதுவா?" விளக்கவுரையெல்லாம் வேண்டாம், ஒரே பதிலை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: "பதினாலு வயசு முடிஞ்சா என்.ஐ.ஓ.எஸ்ல எழுதலாங்க அத்தை. சென்ட்ரல் கவர்மென்ட் போர்டுதானுங்க. அஞ்சு வருசத்துக்குள்ள ஒம்பது தடவை வாய்ப்புத் தருவாங்க." என்.ஐ.ஓ.எஸ் என்பது பள்ளிக்கூடம் போகாமலே பரீட்சை எழுத வழி செய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. சென்ட்ரல் கவர்மென்ட் என்ற சொல்லுக்கு அத்தையிடம் நல்ல மரியாதை உண்டு.

எல்லாம் செய்தும் அலுப்பு போகவில்லையா? மனசைக் குறை சொல்வதற்கு முன்னால் ரத்தத்தைப் பாருங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. படி ஏறினாலே மூச்சு வாங்கும், பிள்ளைகள் மேல் எரிந்து விழுவோம். தைராய்டையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் பிடிக்காமல், எதிலும் விருப்பமில்லாமல் இருந்தால் டாக்டரைப் பார்க்கணும். வெளியே போக முடியாதவர்கள் 14416க்குப் போன் செய்யலாம், டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022இல் தொடங்கிய மனநல ஆலோசனை எண் அது. காசில்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

ஒப்படைக்க வீட்டில் ஆளே இல்லாதவர்களுக்கு: இதே மாதிரி படிக்க வைக்கும் இன்னொரு குடும்பத்தைத் தேடிப் பிடியுங்கள். வேலந்தாவளத்தில் ஒரு அக்கா இருக்கிறார். வாரத்தில் ஒரு நாள் அவர் பையன் எங்கள் வீட்டில், ஒரு நாள் என் பிள்ளைகள் அங்கே. அவருக்குக் கணக்கு வராது, எனக்கு வரைய வராது, அதனால் பாடத்தையும் அப்படியே பிரித்துக்கொண்டோம். சாப்பாடு மட்டும் அவரவர் டிபன் பாக்ஸில் கட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்று முதல் நாளே பேசி வைத்துவிட்டோம், இல்லாவிட்டால் ஓய்வு எடுக்க வேண்டிய நாளிலும் விருந்து சமைத்துக்கொண்டிருப்போம்.