ஆறு மதிப்பெண் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். கடலூர் செம்மண்டலத்திலிருந்து எழுதுகிறேன். சிப்காட்டில் வேலை, பெரும்பாலும் நைட் ஷிப்ட். காலேஜ் நாட்களில் ட்ரீம் தியேட்டர் என்ற மெட்டல் இசைக்குழுவில் ஆரம்பித்து ஓபெத், டூல், போர்க்குபைன் ட்ரீ என்று கேட்டு முடித்தேன். இப்போது எங்கே தேடினாலும் அதே இருபது பெயர்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. அதிகம் பேர் அறியாத ப்ரோக்ரெசிவ் மெட்டல் (நீளப் பாட்டு, சிக்கலான தாளம், கனத்த கிட்டார்) ஆல்பங்களையும், எழுபதுகளின் ஹெவி ப்ராக் எனும் கனத்த ராக் ஆல்பங்களையும் தேடிக் கேட்டுவிடுவது என்று ஜனவரியில் ஒரு எக்செல் ஷீட் போட்டேன். இதுவரை 412 ஆல்பம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். உண்மையைச் சொன்னால் பத்து ஆல்பம்கூட மனதில் நிற்கவில்லை. உதாரணத்துக்கு ஓ.எஸ்.ஐ. குழுவின் முதல் ஆல்பத்துக்கு எதிரே "6. குரலில் உயிர் இல்லை, பாதியில் நிறுத்திவிட்டேன்" என்று எழுதியிருக்கிறேன். அதில் ஒரு பாட்டும் இப்போது நினைவில்லை.

நீங்கள் ஐம்பது ஆல்பங்களுக்கு ஒரு பட்டியல் தர முடியுமா? தாளக் கணக்கு புரிய மேற்கத்திய இசைக் கோட்பாடு படிக்க வேண்டுமா? எந்த ஹெட்போன் நல்லது? ஆங்கில வரிகள் பாதிக்கு மேல் புரிவதில்லை, நண்பர்கள் "சீன் போடுறான்" என்கிறார்கள். அப்பாவோ "என்னடா இது இரைச்சல்" என்கிறார். பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

பட்டியல் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதக் காரணம் ஓ.எஸ்.ஐ. பற்றிய அந்த ஒரு வரி. போன மாதம் முழுக்க என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த விஷயத்தை நீங்கள் ஆறு மதிப்பெண் போட்டு மூடி வைத்திருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன்.

ஹெட்போன்: கையில் இருப்பது போதும். கோட்பாடு: வேண்டாம். ஏழு எண்ணிக்கை வந்தால் தொடையில் "தகிட தகதிமி" போடுங்கள். நம் ஊர்க் கச்சேரியில் மிஸ்ர சாபு என்று பாட்டியும் பேத்தியும் சேர்ந்து போடுகிற தாளம்தான் அது. பிங்க் ஃபிளாய்டின் 'மணி' பாட்டைப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம், அதுவும் ஏழுதான். அப்பா: விடிகாலையில் ஷிப்ட் முடித்து வந்து ஸ்பீக்கரில் போட்டால் எந்த அப்பாவும் திட்டுவார். அவர் பக்கம்தான் நான்.

இனி அந்த 412. ஆல்பத்துக்கு 45 நிமிடம் என்று வைத்தாலும் 309 மணி நேரம் ஆகிறது. அவ்வளவு நேரம் காதைக் கொடுத்த ஒருவருக்குப் பத்து ஆல்பம்கூட மனதில் இல்லை என்றால், நீங்கள் பாட்டுக் கேட்கவில்லை தம்பி, வாசலில் நின்று டிக்கெட் கிழித்திருக்கிறீர்கள். "பாதியில் நிறுத்தினேன், 6" என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? சாப்பாட்டில் பாதியில் எழுந்து போய்விட்டு, ரசம் எப்படி இருந்தது என்று ஊருக்குச் சொல்வீர்களா? கோபமாகத்தான் எழுதுகிறேன். நைட் ஷிப்டின் தூக்கத்தைப் பிய்த்துக் கொடுத்துக் கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தூக்கத்துக்காவது மரியாதை வேண்டாமா?

1998. நான் கடலூரில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். புதுச்சேரி குருசுக்குப்பத்தில் எனக்குப் பெரியப்பா முறையில் ஒருவர் இருந்தார். சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவருடைய மகன் பாரிசுக்குப் பக்கத்தில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தார். லீவுக்கு வந்தால் ஒரு பெட்டி நிறையத் துணியும், ஒரு பெட்டி நிறைய சி.டி.யும், ரெக்கார்டுகளும் வரும். அண்ணன் வந்துவிட்டார் என்று தெரிந்தால் திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் ஓடிப்போய் ஏறுவேன். பெண்ணையாற்றுப் பாலம், கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம். ஜன்னலோரம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒன்றுதான், எதையும் பார்த்த நினைவில்லை.

அந்த வீட்டில்தான் மாக்மா என்ற பிரெஞ்சுக் குழுவைக் கேட்டேன். 1973இல் வந்த ரெக்கார்டு. கிறிஸ்தியான் வாந்தேர் என்ற டிரம்ஸ்காரர், தன் பாட்டுக்கு எந்த மொழியும் போதாது என்று கோபாயன் என்றொரு மொழியையே உண்டாக்கிக்கொண்டார். பத்துப் பேர் சேர்ந்து படையெடுத்து வருவதுபோல் அதில் பாடுவார்கள். வெற்றிலைப் பெட்டியோடு திண்ணையில் இருந்த பெரியப்பா உள்ளே எட்டிப் பார்த்து, "இது எந்த ஊரு பிரெஞ்சுடா?" என்று அண்ணனைக் கேட்டார். ஒரு வார்த்தையும் யாருக்கும் புரியாது என்று அண்ணன் சொன்னதும், "அப்ப சரி" என்று அங்கேயே உட்கார்ந்து அந்தப் பக்கம் முடியும் வரை கேட்டார். வரி புரியாமல் கேட்பது நடிப்பா என்று கேட்டீர்களே, பெரியப்பா நடிக்கத் தெரியாத மனிதர்.

அந்த வருடம் அண்ணன் கொண்டுவந்த சி.டி.களில் ஒன்று, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஆரம்பித்த ஃபேட்ஸ் வார்னிங் குழு 1997இல் போட்ட 'எ ப்ளெசன்ட் ஷேட் ஆஃப் கிரே'. ஆல்பம் முழுக்க ஒரே பாட்டு. பன்னிரண்டு பகுதி, ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். அதை டி.டி.கே. 90 கேசட்டில் பதிந்தார், தனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம்தானே? பாட்டு முடிவதற்குள் டேப் முடிந்துவிடும். எழுந்து போய்த் திருப்பிப் போட்டு மிச்சத்தைக் கேட்க வேண்டும். இன்றைக்கும் அந்த இடம் வரும்போது என் காது ஒரு 'டக்'கை எதிர்பார்க்கிறது.

கேசட் அட்டையில் பாட்டுகளின் பெயரை எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. ஒரே பாட்டு, என்ன எழுதுவது? அண்ணன் அங்கே வாசித்தவர்களின் பெயர்களை எழுதினார். பச்சை மை, பொடி எழுத்து. குரல் ரே ஆல்டர். கிட்டார் ஜிம் மாத்தியோஸ். பேஸ் ஜோயி வேரா. டிரம்ஸ் மார்க் ஸோண்டர். கீபோர்டு கெவின் மூர். கடைசிப் பெயருக்கு அடியில் இரண்டு கோடு. "உன் ஆளு, இங்க வந்துட்டாரு பாரு" என்றார்.

ட்ரீம் தியேட்டரின் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' (1992) உங்களைப்போல எனக்கும் முதல் வாசல். அதில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது கீபோர்டுதான். 1994இல் 'அவேக்' ஆல்பத்தோடு கெவின் மூர் ட்ரீம் தியேட்டரை விட்டுப் போனதாகப் படித்தபோது, வீட்டை விட்டு யாரோ போய்விட்டதுபோல் இருந்தது. எங்கே போனார் என்று தேட எனக்கு அப்போது வழியில்லை. அண்ணனின் இரண்டு கோடுகள்தான் வழி. அதற்கப்புறம் நான் புதிதாகக் கேட்டதெல்லாம் இப்படிப் பெயரைப் பிடித்துக்கொண்டு போய்க் கேட்டதுதான். பட்டியல் பார்த்து ஒன்றும் கேட்டதில்லை.

கொஞ்சம் பொறுமையாக என்னோடு வாருங்கள், இதை நான் நீட்டித்தான் சொல்வேன். கெவின் மூர் 1998இல் க்ரோமா கீ என்ற பெயரில் 'டெட் ஏர் ஃபார் ரேடியோஸ்' போட்டார். அங்கே அவரே பாடுகிறார். ஏற்ற இறக்கம் அதிகம் இல்லாத, பக்கத்து அறையில் யாரோ தனக்குள் பேசிக்கொள்வது போன்ற குரல். முதலில் எனக்கும் சப்பென்றுதான் இருந்தது. ஐந்தாறு முறை கேட்டபின், அந்தக் குரல் வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது என்று புரிந்தது. அடுத்து 2003. அதே மூரும், என் கேசட்டில் கிட்டார் வாசித்த அதே மாத்தியோஸும் சேர்ந்து ஓர் ஆல்பம் செய்தார்கள். டிரம்ஸுக்கு, மூர் விட்டுவந்த வீட்டிலிருந்து மைக் போர்ட்னாய் வந்தார். ஒரு பாட்டுக்கு உங்கள் போர்க்குபைன் ட்ரீயின் ஸ்டீவன் வில்சனும் குரல் கொடுத்தார். 2001 தாக்குதலுக்குப்பின் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை திறந்து, எதிர்ப்பு கிளம்பியதும் மூடிய 'ஆபீஸ் ஆஃப் ஸ்ட்ரேட்டஜிக் இன்ஃப்ளுயன்ஸ்' என்ற பிரச்சார அலுவலகத்தின் பெயரையே குழுவுக்கு வைத்தார்கள்.

அதுதான் ஓ.எஸ்.ஐ. நீங்கள் "குரலில் உயிர் இல்லை" என்று எழுதிய ஆல்பம். கனத்த கிட்டாருக்கு நடுவே எதுவுமே நடக்காததுபோல் பேசும் குரல். அரசாங்க அறிவிப்பு அப்படித்தானே இருக்கும்? அந்த முரணில்தான் ஆல்பமே நிற்கிறது. நீங்கள் அதைப் பாதி வாசலில் வைத்துக் குறை கண்டுபிடித்துத் திரும்பிவிட்டீர்கள்.

இன்னும் முடியவில்லை. அந்த ஆல்பத்தில் பேஸ் வாசித்தவர் ஷான் மலோன். அவர் பெயரைப் பிடித்தால் சினிக் குழுவின் 'ஃபோகஸ்' (1993) வரும். ஃப்ளோரிடாக்காரர்கள். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் அடித்து கிட்டார் வாசித்த ஜேசன் கோபெலின் வீடும், ஒத்திகை நடந்த இடமும் போய், ரெக்கார்டிங்கே தள்ளிப்போயிற்று. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயலைக் கடலூரில் இருந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படி வந்த ஆல்பத்தில் ஜாஸும் டெத் மெட்டலும் ஒரே மூச்சில் போகின்றன. அதில் இன்னொரு கிட்டார் வாசித்த பால் மாஸ்விடாலையும் டிரம்ஸ் வாசித்த ஷான் ரைனர்ட்டையும் பிடித்தால் டெத் குழுவின் 'ஹியூமன்' (1991). ஒரு கேசட் அட்டையில் இரண்டு கோடு போட்ட பெயரிலிருந்து ஐந்து தாவல்தான். ரைனர்ட்டும் மலோனும் 2020இல், ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு முறையும் எனக்குத் துக்கம் கேட்க ஆள் இல்லை. குருசுக்குப்பம் அண்ணனுக்கு மட்டும் போன் செய்தேன்.

உங்களுக்கு ஏன் ஒன்றும் நிற்கவில்லை என்றால், உங்கள் ஷீட்டில் ஆல்பம் பெயர் இருக்கிறது, வருடம் இருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது. யார் வாசித்தார்கள் என்று ஒரு கட்டம்கூட இல்லை என்று பந்தயம் கட்டுவேன். "அதிகம் பேர் அறியாத" என்பதை ஏதோ தகுதிபோல் எழுதியிருக்கிறீர்கள். நிறையப் பேர் கேட்காமல் விட்டதில் நிறையக் குப்பையும் உண்டு.

போன மாதம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். அச்சு மெஷின்களுக்கு நடுவே முப்பது வருடம் நின்ற காது. வயதும் சத்தமும் சேர்ந்தால் முதலில் போவது மேல் ஸ்தாயிதான். குயில் கூவுவது கேட்கிறது, சிட்டுக்குருவி கேட்பதில்லை என்றார். என் கேசட்டை எடுத்துப் போயிருந்தேன். பழைய டெக்குக்கு பெல்ட் மாற்றி வைத்திருந்தார். இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து கேட்டோம்.

மார்க் ஸோண்டரின் கையில் தனி அழகு ஒன்று உண்டு. பெரிய அடிகளுக்கு இடையில், காலால் மிதிக்கும் ஜோடித் தட்டில் பொடிப்பொடியாக ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். எழுத்துக்கு நடுவே புள்ளி வைப்பதுபோல. அண்ணனின் வலது ஆள்காட்டி விரல் முழங்காலில் அந்தப் புள்ளிகளை வைத்துக்கொண்டே வந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. "தட்டு நல்லா கேக்குதாண்ணா?" என்று காதருகே கேட்டேன்.

"தட்டு சுத்தமா கேக்கல. கிட்டாரு கேக்குது, அந்த ஆளு பாடறது கேக்குது. தட்டு எங்க விழும்னுதான் தெரியுமே" என்றார்.

உங்கள் கடிதம் வந்தது அதற்கு மூன்றாம் நாள்.

ஐம்பதுக்குப் பதில் நான்கு பேரைத் தருகிறேன். ஆல்பத்தைத் தேடாதீர்கள், ஆளைத் தேடுங்கள். சைமன் ஹவுஸ், வயலின்: ஹை டைட் குழுவின் 'சீ ஷான்டீஸ்' (1969). டோனி ஹில்லின் கிட்டார் கடல் ஏறுவதுபோல் வர, வயலின் அதோடு மல்லுக்கு நிற்கும். பிறகு அவர் ஹாக்விண்ட் குழுவுக்குப் போனார், பின்னாலேயே போங்கள். டீப் பர்ப்பிளின் முதல் பாடகர் ராட் எவன்ஸ்: அவர் வெளியே வந்து சேர்ந்த கேப்டன் பியாண்டின் 1972 ஆல்பம். ரான் ஜார்சோம்பெக், கிட்டார்: வாட்ச்டவரின் 'கன்ட்ரோல் அண்ட் ரெசிஸ்டன்ஸ்' (1989), அங்கிருந்து தன் அண்ணன் பாபியோடு சேர்ந்த ஸ்பாஸ்டிக் இங்க். நான்காமவர் பக்கத்து மாநிலம். கொச்சியின் மதர்ஜேன் குழுவில் வாசித்த பைஜு தர்மஜன், 'மக்தூப்' (2008). அவர் கிட்டாரில் கமகத்தைக் கேட்டால் உங்கள் அப்பாவும் ஒரு நிமிடம் நிற்பார்.

ஆனால் இவர்கள் காத்திருக்கட்டும். முதலில் ஓ.எஸ்.ஐ. அந்த ஆறை அழித்துவிடுங்கள். இந்த மாதம் வேறெதுவும் வேண்டாம். ஷிப்ட் முடிந்து வரும்போது முழுசாக ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்கு பஸ் ஏறுங்கள். காந்தி வீதிச் சந்தையில் உங்களுக்காக நிற்கிறேன், அங்கிருந்து குருசுக்குப்பம் போவோம். அண்ணனுக்கு முட்டி வலி. 45ஆவது நிமிடத்தில் எழுந்து போய் டேப்பைத் திருப்பிப் போட ஓர் ஆள் வேண்டும்.