வாசகர் கேள்வி – பதில்: நிரல் இருந்தும் கூட்டம் முடிவதில்லையே!

கேள்வி: களுவாஞ்சிகுடியில் இயங்கும் ஒரு சிறிய பெண்கள் அமைப்பில் இணைப்பாளராக இருக்கின்றேன். வெளிக்கள உத்தியோகத்தர்கள் 11 பேரும் திங்கட்கிழமைதோறும் காலை 9 மணிக்குக் கூடுகின்றோம். இறைவணக்கம், சென்ற கூட்டறிக்கை, வேலை முன்னேற்றம், சுழற்சிக் கடன், நிதி, வேறு விடயங்கள், நன்றியுரை என்று நிகழ்ச்சி நிரலும் தவறாமல் எழுதப்படுகின்றது. ஆயினும் பகல் 1 மணியாகியும் கூட்டம் முடிவதில்லை. முடிந்த பின்னர் என்ன தீர்மானித்தோம் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கின்றார்கள். எங்கே பிழை விடுகின்றோம்?

பதில்: உங்கள் நிரலின் ஏழு வரிகளையும் இரண்டு தடவை வாசித்தேன். எந்தத் திங்களுக்கும், எந்த அமைப்புக்கும், ஏன், எந்த ஆண்டுக்கும் அது பொருந்தும். பிழை அங்கேதான் இருக்கின்றது. ‘சுழற்சிக் கடன்’ என்று மட்டும் எழுதிவிட்டால் ஒருவர் அறவீட்டைப் பற்றிப் பேசுவார், இன்னொருவர் வட்டியைப் பற்றிப் பேசுவார், மூன்றாமவர் கடனை வாங்கிக்கொண்டு வெளிநாடு போய்விட்ட ஓர் அங்கத்தவரின் கதையைத் தொடங்குவார். மூவரும் நிரலுக்கு உட்பட்டே பேசுவதால் தலைமை வகிப்பவரால் எவரையும் நிறுத்த முடியாது.

நம்முடைய பகுதியிலேயே இதற்கு நல்லதொரு முன்மாதிரி இருக்கின்றது. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி போன்ற குளங்களின் கீழ் வேளாண்மை செய்வோருக்காகப் போகந்தோறும் நடைபெறும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் ஒருமுறை பின்வரிசையில் அமர்ந்து பாருங்கள். குளத்தில் எவ்வளவு நீர் இருக்கின்றது, முதல் நீர் எப்போது திறப்பது, விதைப்பை எந்தத் திகதிக்குள் முடிப்பது, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, வயற்கண்டங்களிலிருந்து மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது என்று ஒவ்வொரு விடயமும் கேள்வியாகவே சபைக்கு வருகின்றது. சத்தம் எழும், மாட்டுக்காரருக்கும் வயற்காரருக்கும் வாய்த்தர்க்கமும் மூளும். ஆனாலும் எதிரே ஒரு திகதி குறிக்கப்படாமல் அடுத்த விடயத்துக்குப் போக, கண்டங்களின் வயற்காரர் சார்பில் வரும் வட்டவிதானைமார் விடமாட்டார்கள், ஏனெனில் திகதி தெரியாமல் வீடு திரும்பினால் தத்தமது கண்டத்துக்காரருக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே, ‘சுழற்சிக் கடன்’ என்பதை வெட்டிவிட்டு, “மூன்று தவணை தவறியவர்களுக்கு அடுத்த கடனை நிறுத்தி வைப்பதா? முன்வைப்பவர்: கடன் பொறுப்பாளர். இன்று தீர்மானம் வேண்டும். 20 நிமிடம்” என்று எழுதுங்கள். வெளிநாடு போன அங்கத்தவரின் கதை தொடங்கும்போது, “அது இந்தக் கேள்விக்கு உதவுமா தங்கச்சி?” என்று முகம் கோணாமல் கேட்க உங்களுக்கு அப்போது ஒரு பிடி கிடைக்கும்.

அடுத்து, வேலை முன்னேற்றம். 11 பேர் தலைக்குப் பத்து நிமிடம் பேசினாலே 110 நிமிடம் போய்விடுகின்றது. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பத்துப் பேரில் எத்தனை பேருக்கு அது தேவைப்படுகின்றது என்பதை நீங்களே அறிவீர்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஆளுக்கு அரைப் பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். திங்கள் காலை முதல் பத்து நிமிடம் எல்லோரும் பேசாமல் அதை வாசிக்கட்டும். வாசித்துவிட்டு வாருங்கள் என்றால் பாதிப்பேர் வாசித்திருக்க மாட்டார்கள். கூட்டத்தில் பேச வேண்டியது, தடைப்பட்டு நிற்கும் வேலையைப் பற்றி மட்டுமே. சென்ற கூட்டறிக்கையையும் முழுதாக வாசிக்க வேண்டாம்; யார், எதை, எந்தத் திகதிக்குள் செய்வதாக ஏற்றார் என்ற பட்டியலில் முடியாதவற்றை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விடயங்களின் வரிசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் நானே சூடுபட்டவன். 2005 ஆம் ஆண்டு, ஆழிப்பேரலைக்குப் பிந்திய மாதங்களில், அம்பாறைக் கரையோரத்தில் நடந்த ஒரு வாராந்த ஒருங்கிணைப்புக் கூட்டத்துக்கு நிரல் தட்டச்சுச் செய்பவனாக இருந்தேன். ஒரு நாள், வரவேற்புப் பதாகையில் எந்த அமைப்பின் இலச்சினை எங்கே வருவது என்பதை இரண்டாவதாகவும், தற்காலிகக் கொட்டில்களுக்கான குடிநீர்த் தாங்கிகளை ‘வேறு விடயங்கள்’ என்பதன் கீழும் போட்டுவிட்டேன். இலச்சினைக்கு ஒன்றரை மணித்தியாலம் சென்றது. தாங்கிகளின் பேச்சு எழுந்தபோது மணி 12.45, பாதிக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன, விடயம் அடுத்த கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. பிரித்தானிய வரலாற்றாசிரியரான நோர்த்கோட் பாக்கின்சன் 1957 இலேயே இதைக் கேலி செய்து எழுதியிருக்கின்றார்: அவர் கற்பனை செய்த குழு அணு உலைக்கான பெருந்தொகையைச் சில நிமிடங்களில் அனுமதித்துவிட்டு, சைக்கிள் கொட்டகைக்காக நெடுநேரம் மல்லுக்கட்டும். எல்லோருக்கும் விளங்கும் சின்ன விடயத்தில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும் என்பதே காரணம். எனவே கனமான விடயத்தை, மனம் தெளிவாகவும் வயிறு பசிக்காமலும் இருக்கும் முதல் மணித்தியாலத்தில் வையுங்கள். நிதியை நன்றியுரைக்குப் பக்கத்தில் வைக்கும் பழக்கம் நல்லதன்று. ‘வேறு விடயங்கள்’ வேண்டுமானால் இருக்கட்டும். ஆனால் கூட்டம் தொடங்குமுன் பெயர் கொடுத்தவற்றுக்கு மட்டும், மொத்தம் பத்து நிமிடம்.

ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன். உங்களில் எவரேனும் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து மண்டூர்–குருமண்வெளிப் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவைப் படகில், வருகின்றார்களா? வருவார்களானால் 9 மணி என்று எழுதி 9.40க்குத் தொடங்குவதை விட 9.30 என்றே எழுதி 9.30க்குத் தொடங்குங்கள். பாதை கரை சேரும் நேரம் உங்கள் நிரலுக்குக் கட்டுப்படாது.

கேள்வி: எங்கள் சங்கத்தின் போஷகர் மிகவும் மதிப்புக்குரியவர். ஆனால் எழுந்தால் முக்கால் மணித்தியாலம் பேசுவார். நான் வயதில் இளைய செயலாளர். நிரலைக் காட்டி அவரை நிறுத்தலாமா? (திருக்கோவில் வாசகர்)

பதில்: சபையில் வைத்து நிறுத்தாதீர்கள், தம்பி. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னர் வரைவு நிரலுடன் அவருடைய வீட்டுக்குப் போய், “ஐயா, இதில் எதைப் பற்றி நீங்கள் சொல்ல வேண்டும்?” என்று கேளுங்கள். அவர் சொல்ல விரும்பியதில் பெரும்பகுதியைத் திண்ணையிலேயே உங்களிடம் சொல்லி முடித்துவிடுவார். எஞ்சியதற்கு முதல் விடயமாகப் ‘போஷகர் ஆலோசனை, 10 நிமிடம்’ என்று அவர் சம்மதத்துடனேயே அச்சிடலாம். நேரம் பார்ப்பது தலைவரின் பொறுப்பு. அதை உங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நிரலை முதல்நாள் இரவு வட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாதா? (அக்கரைப்பற்று வாசகி)

பதில்: நாளாந்த வேலைக் கூட்டத்துக்குப் போதும். ஆயினும் பணம் செலவிடுவது, பதவியினரை மாற்றுவது போன்ற தீர்மானங்கள் இருந்தால் உங்கள் சங்க யாப்பில் எத்தனை நாள் முன்னறிவித்தல் கேட்கப்பட்டிருக்கின்றது என்பதைப் பார்த்துவிட்டே அனுப்புங்கள். பிறகு ஒருவர் எழுந்து, “எனக்கு அறிவிக்கவில்லை” என்றால் எடுத்த தீர்மானமே சிக்கலுக்குள்ளாகும். அத்துடன், விடியும்போது வரும் காலை வணக்கப் படங்களுக்குக் கீழே உங்கள் நிரல் புதைந்து போகாதபடி அதைக் குழுவின் மேற்பகுதியில் நிலையாக நிறுத்தி வையுங்கள்.