முகத்துவாரத்துக் கல் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்ற பள்ளி விடுமுறையில் உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகளைத் தேசிய அரும்பொருளகத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். சிங்கப்பூர்க் கல் எனப்படும் அந்த உடைந்த துண்டின் முன் நெடுநேரம் நின்றவள், "இதில் என்னப்பா எழுதியிருக்கிறது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டபோது, என் மைத்துனர் ஒரு செய்தியை அனுப்பி வைத்தார். அந்தக் கல், இராஜேந்திர சோழன் கடாரம் கொண்டபோது இங்கே வெட்டிவைத்த தமிழ்க் கல்வெட்டு என்றும், தமிழர் வரலாறு வெளியே தெரியக் கூடாது என்பதற்காகவே ஆங்கிலேயர் அதை வெடிவைத்துத் தகர்த்தனர் என்றும், அண்மையில் அதில் சோழனின் பட்டப்பெயரே படிக்கப்பட்டுவிட்டது என்றும் அச்செய்தி கூறுகிறது. மகள் இதைத் தன் வரலாற்று ஒப்படைப்பில் எழுத ஆசைப்படுகிறாள். எழுதலாமா? அந்தக் கல்லைப் பற்றி அவளிடம் நான் என்ன சொல்லலாம்?

அன்புடன்,
ஒரு வாசகர், அங் மோ கியோ

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மைத்துனர் அனுப்பிய செய்தியை அப்படியே ஒப்படைப்பில் எழுத வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். ஆனால், அதில் உள்ள ஒரு கூற்றுக்கு மட்டும் ஆய்வின் அடிப்படை உண்டு என்பதால், அதை முழுவதுமாகத் தள்ளிவிடவும் வேண்டாம். எதைத் தள்ளுவது, எதை வைத்துக்கொள்வது என்று பார்க்க வேண்டுமானால், முதலில் அந்தக் கல்லுக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1819ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் காட்டை வெட்டித் திருத்தியபோது, ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமும் அதே அளவு அகலமும் கொண்ட ஒரு மணற்பாறை வெளிப்பட்டது. இன்று ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் இருக்கும் பக்கத்தில், ஆற்றின் தென்கரையில் அது இருந்தது. அதன் முகத்தில் சுமார் ஐம்பது வரிகள் பொறிக்கப்பட்டிருந்தன. கடலலையும் உப்புக்காற்றும் பல நூற்றாண்டுகளாக அரித்ததில் எழுத்துகள் மழுங்கிப் போயிருந்தன. இங்கே ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் முதல் ஊருக்கு வந்துபோன அறிஞர்கள் வரை பலரும் அதைப் படிக்க முயன்றார்கள், ஒருவராலும் முடியவில்லை. முன்ஷி அப்துல்லா தம் வாழ்க்கைக் குறிப்பில் இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். மலாய் உரைநடையின் முன்னோடியாகப் போற்றப்படும் அவர், இளமையில் மலாக்காவில் தமிழும் முறையாகக் கற்றவர். தமிழ் எழுத்தை அறிந்த ஒருவர், பாறை முழுமையாக நின்ற காலத்தில் வாழ்ந்து அதைப் பற்றி எழுதியும், அது தமிழ் என்று கூறவில்லை. இதை ஒரு முடிவான சான்றாக நான் வைக்கவில்லை. நூற்றாண்டுகளுக்கு முந்தைய வட்டெழுத்தோ கிரந்தமோ அவருக்குப் புரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. எனினும் 'தமிழ்க் கல்வெட்டு' என்று உறுதியாகச் சொல்பவர்கள் எதிர்கொள்ள வேண்டிய செய்திகளுள் இதுவும் ஒன்று.

வில்லியம் பிளாண்ட் என்ற கப்பல் மருத்துவர் பிசைந்த மாவைப் பாறையின் மேல் அழுத்தி எழுத்துகளின் வடிவத்தைப் பிடித்து, பொறுமையாக ஒரு படி எடுத்தார். அது 1837ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்செப்பின் பார்வைக்கு வந்து அச்சிடப்பட்டது. அசோகரின் பிராமி எழுத்தைப் படித்து, இந்திய வரலாற்றின் பூட்டிய கதவு ஒன்றைத் திறந்தாரே, அதே பிரின்செப், அதே ஆண்டு. அவராலும் இந்தக் கல்லைப் படிக்க முடியவில்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1843ஆம் ஆண்டின் தொடக்கத்தில், முகத்துவாரத்தில் கோட்டைக்கும் அதன் தளபதியின் குடியிருப்புக்கும் இடம் வேண்டும் என்பதற்காகப் பாறை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பாறையைக் காக்க வேண்டும் என்று வாதாடிவந்த ஜேம்ஸ் லோ என்ற அதிகாரி, வெடித்த பின் ஆற்றைக் கடந்து வந்து, எழுத்துத் தெரிந்த சில துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்துக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். இன்றைய ஃபோர்ட் கேனிங் குன்றில் இருந்த ஆளுநர் மாளிகையருகே கிடந்த ஒரு பெருந்துண்டு, பின்னர் சாலைக்குச் சல்லியாக உடைக்கப்பட்டது. கல்கத்தாவுக்குப் போனவற்றில் ஒரு துண்டு 1918ஆம் ஆண்டில் திரும்பி வந்தது. உங்கள் மகள் பார்த்து நின்றது அதைத்தான்.

இப்படிப் பார்த்தால், தமிழர் வரலாற்றை மறைக்கத்தான் உடைத்தார்கள் என்ற கூற்று நிற்காது. படிக்கவே முடியாத எழுத்தில் யாருடைய வரலாறு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. மறைக்க விரும்பிய ஆட்சி, அதன் படியை அச்சிட்டும் இருக்காது. நடந்தது சதியைவிடக் கொடியது என்றே எனக்குத் தோன்றுகிறது. உடைத்தவர்களுக்கு அது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. ஐம்பது வரிகளில் யாரோ சொல்ல விரும்பியது, ஒரு கட்டடத்துக்கு இடைஞ்சலாக இருந்த காரணத்தால் ஒரே நாளில் போயிற்று. பலமுறை அந்தத் துண்டின் முன் நின்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் கனத்துத்தான் திரும்பியிருக்கிறேன்.

இனி, படிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பட்டப்பெயருக்கு வருகிறேன். மைத்துனரின் செய்தியில் அடிப்படை உள்ள பகுதி இதுதான். சிங்கப்பூர்க் கல்லின் எழுத்து, பழைய ஜாவாவில் வழங்கிய காவி எழுத்தைச் சார்ந்தது என்பதும், மொழி பழைய ஜாவானியமாகவோ சமஸ்கிருதமாகவோ இருக்கலாம் என்பதும் ஆய்வாளர் பலரின் கருத்து. காலத்தைப் பத்தாம் நூற்றாண்டிலிருந்து பதினான்காம் நூற்றாண்டு வரை வெவ்வேறாகக் கணித்திருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டில் வெளியான ஒரு கட்டுரையில் இயன் சின்க்ளேர் என்ற ஆய்வாளர், எஞ்சிய எழுத்துகளில் 'கேசரிவ' என்ற தொடர் தென்படுவதாகவும், அது 'பரகேசரிவர்மன்' என்ற சோழர் பட்டத்தின் நடுப்பகுதியாக இருக்கக்கூடும் என்றும் எழுதினார். இது பொறுப்புள்ள ஒரு கருத்து. மதித்து ஆராய வேண்டியது. ஆனால் 'இருக்கக்கூடும்' என்று அவர் எழுதியது, வாட்ஸ்அப் செய்தியில் 'படிக்கப்பட்டுவிட்டது' என்று ஆகியிருக்கிறது. இந்த மாற்றத்தைத்தான் உங்கள் மகள் கவனிக்க வேண்டும்.

முன்னும் பின்னும் சிதைந்த இடத்தில் நான்கு எழுத்துகளை வைத்துக்கொண்டு நாம் எவ்வளவு தூரம் போகலாம்? சோழர்கள் இராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறிமாறிச் சூடியவர்கள். முதலாம் பராந்தகனும் பரகேசரிதான், உத்தம சோழனும் பரகேசரிதான், இராஜேந்திரனும் பரகேசரிதான். சோழர் பட்டம் என்று ஏற்றுக்கொண்டாலும், எந்தச் சோழன் என்பதை அந்தத் தொடர் சொல்லாது. 'இராஜகேசரிவர்மன்' என்ற பட்டத்திலும் அதே எழுத்துகள் வரும் என்பதையும் மறக்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு. பாலித் தீவின் சனூர் அருகே பெலாஞ்சோங் என்ற இடத்தில் கி.பி. 914ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்தூண் இருக்கிறது. அதை நாட்டிய அரசனின் பெயர் ஸ்ரீ கேசரி வர்மதேவன். அந்தப் பெயரிலும் 'கேசரிவ' அப்படியே வருகிறது. சிங்கப்பூர்க் கல் பாலி அரசனுடையது என்று நான் சொல்லவில்லை. அதே எழுத்துகள் வேறு வாசல்களையும் திறக்கும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியை, அதாவது கல்வெட்டுகளின் தொடக்கத்தில் அவன் வெற்றிகளைப் பாடும் பகுதியையும் எடுத்துப் பாருங்கள். "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்று தொடங்கும் பகுதி, ஏறத்தாழ 1025ஆம் ஆண்டில் நடந்த கடற்படையெடுப்பில் வென்ற ஊர்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறது. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என்று பன்னிரண்டுக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் உள்ளன. துமாசிக் (சிங்கப்பூரின் பழம்பெயர்) என்று நாம் அடையாளம் காணத்தக்க பெயர் எதுவும் அதில் இல்லை. வென்ற இடங்களை இவ்வளவு விரிவாகப் பதிந்துவைத்த அரசன், ஐம்பது வரிக் கல்வெட்டு வெட்டிய ஊரை மட்டும் ஏன் விட்டான் என்ற கேள்விக்கு அந்தச் செய்தியை எழுதியவர் விடை சொல்ல வேண்டும்.

சோழரின் நினைவு இந்தத் தீவைத் தொடவே இல்லை என்று இதற்குப் பொருளன்று. மலாய் அரச மரபின் கதைகளைத் தொகுத்த 'செஜாரா மெலாயு'வில், ராஜா சூலான் என்ற பேரரசன் கலிங்க தேசத்திலிருந்து சீனத்தை வெல்லப் படையோடு புறப்பட்டுத் துமாசிக் வரை வருகிறான். சீனப் பேரரசர், துருப்பிடித்த ஊசிகளையும் பல்விழுந்த கிழவர்களையும் முற்றிய பழமரங்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பி, இவர்கள் இளைஞர்களாகப் புறப்பட்டவர்கள், இந்த ஊசிகள் இரும்புக்கம்பிகளாக இருந்தவை, இந்த மரங்கள் விதையாக நட்டவை என்று சொல்லச் செய்து, சீனம் அவ்வளவு தொலைவு என்று நம்பவைத்து அவனைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். அந்தப் பெயரில் சோழன் ஒளிந்திருக்கிறான் என்பதைப் பலர் ஏற்கிறார்கள். அதே நூலில், படாங் என்ற பலவான் தூக்கி எறிந்த பாறை ஆற்று முகத்துவாரத்தில் விழுந்து கிடந்ததாகவும் வருகிறது. அவன் போட்டியில் வென்றது கலிங்க மன்னன் அனுப்பிய மல்லனைத்தான். படாங் இறந்தபோது கல்லறையில் நிறுத்த இரண்டு கற்களை அனுப்பியவனும் அந்தக் கலிங்க மன்னனே. கலிங்கம் என்று மலாய்க்காரர்கள் சொன்னது தென்னிந்தியக் கரையைத்தான் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். இது கதை, கல்வெட்டன்று. ஆயினும் மலாய்க்காரர்களின் நினைவில் நம்மவர்கள் எப்படித் தங்கினார்கள் என்பதற்கு இதைவிட இனிய சான்று எனக்குக் கிடைத்ததில்லை. மகளின் ஒப்படைப்பில் இதற்குத் தாராளமாக இடம் தரலாம். கதை என்று சொல்லியே தரலாம்.

உண்மையிலேயே படிக்கப்பட்ட தமிழ் எழுத்துகள் இந்தக் கடற்கரைகளில் இருக்கும்போது, படிக்க முடியாத ஒன்றின் மேல் நாம் ஏன் இவ்வளவு ஆசையை ஏற்ற வேண்டும் என்பதே எனக்கு விளங்காதது. தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குவான் லுக் பட் என்ற இடத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறு கல் கிடைத்தது. அது பொன்னை உரைத்துப் பார்க்கும் உரைகல். அதன் மேல் தமிழ்-பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று வெட்டியிருக்கிறது. காலம், கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டு. அரசன் இல்லை, படை இல்லை, வெற்றி முழக்கம் இல்லை. கடல் கடந்து வந்த ஒரு பொற்கொல்லர், தம் உரைகல் பட்டறையில் மாறிப் போகக் கூடாதே என்று பெயரை வெட்டி வைத்திருக்கலாம். சிராங்கூன் சாலையில் நகைக்கடையில் ஒருவர் நகையை உரைத்துப் பார்ப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெரும்பதன் நினைவுக்கு வருகிறார். ஒரு பேரரசனின் மெய்க்கீர்த்தியைவிட அந்த இரண்டு சொற்கள் எனக்கு நெருக்கமானவை.

தாய்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள தக்குவாபாவில் ஒன்பதாம் நூற்றாண்டில் 'அவனிநாரணம்' என்ற குளத்தை வெட்டி, மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினரின் காவலில் விட்ட தமிழ்க் கல்வெட்டு உள்ளது. சுமத்திராவின் பாருஸில் 1088ஆம் ஆண்டின் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின் கல்வெட்டும், சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டில் சிவன்கோயில் எழுப்பியதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டும் உள்ளன. பெரும்பாலும் வணிகர்களோடு தொடர்புடையவை. வடக்கே தாய்லாந்தின் மேற்குக் கரையிலும் கிழக்கே சீனத்திலும் தமிழில் எழுதியவர்கள், இடையில் இருக்கும் நம் நீரிணையைக் கடந்துதான் போயிருப்பார்கள். ஒரு நாள் ஃபோர்ட் கேனிங்கிலோ ஆற்றங்கரையிலோ தமிழ் எழுத்துள்ள ஒரு பானை ஓடு கிடைத்தால் நான் வியப்படைய மாட்டேன். 1928ஆம் ஆண்டில் அந்தக் குன்றில் நீர்த்தேக்கத்துக்காகத் தோண்டிய தொழிலாளர்களுக்கு ஜாவாவின் மஜபாகித் பேரரசுப் பாணியில் செய்த பொன்னணிகள் கிடைத்தன. 1984ஆம் ஆண்டில் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் அங்கே முறையான அகழாய்வைத் தொடங்கிய பிறகு, பதினான்காம் நூற்றாண்டில் இது சுறுசுறுப்பான துறைமுகமாக இருந்தது என்பதில் ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று. மண்ணுக்குள் இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ஆனால் கிடைத்த பிறகுதான் எழுத வேண்டும். கிடைக்கும் என்று எழுதக் கூடாது.

மகள் மொழியைப் பற்றி ஒரு வரி எழுத விரும்பினால், காவி எழுத்தின் வேர் பல்லவர் எழுத்தில் இருக்கிறது என்று எழுதலாம். காஞ்சியில் வழங்கிய எழுத்து மரபிலிருந்து கிளைத்த ஒன்று இந்த முகத்துவாரத்துப் பாறையில் இருந்தது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. அதற்கு இராஜேந்திரன் இங்கே இறங்கியிருக்க வேண்டிய தேவையில்லை.

கடைசியாக, அவளிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். சொல்வதைவிட ஒன்றைச் செய்து காட்டுங்கள். சப்பாத்திக்கு மாவு பிசையும்போது ஓர் உருண்டையை அவளிடம் கொடுத்து, வீட்டில் உள்ள மிகத் தேய்ந்த பழைய நாணயம் ஒன்றின் மேல் அழுத்தி எடுக்கச் சொல்லுங்கள். மாவில் எழுத்து இடவலமாகத் திரும்பி, விளிம்புகள் குழைந்து, பாதி தெரிந்தும் தெரியாமலும் பதியும். நாணயத்தைப் பார்க்காமல், மாவில் தெரிவதை மட்டும் தாளில் வரைந்து, அந்தத் தாளை நாணயத்தையே பார்த்திராத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லட்டும். பிளாண்டின் கையிலிருந்து பிரின்செப்பின் மேசைக்கு என்ன போய்ச் சேர்ந்திருக்கும் என்பது அவளுக்கே தெரியும். அதன் பிறகு ஒருமுறை மீண்டும் அரும்பொருளகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அன்புடன்.