பட்டன் கேமராவும் கோர்ட்டும்

கேள்வி: கஞ்சா விற்பவர்களை மறைவாகப் படம் பிடிக்க எங்கள் நிலையத்துக்குச் சட்டைப் பட்டன் கேமரா வாங்க இருக்கிறோம். ‘4கே, நைட் விஷன், 128 ஜிபி’ என்று ஒருவர் 9,000 ரூபாய் சொல்கிறார். வாங்கலாமா?
– ஓர் உதவி ஆய்வாளர்

பதில்: அவசரப்படாதீர்கள். அந்தச் சின்னத் துளை வழியாக உள்ளே போகிற வெளிச்சம் கொஞ்சம்தான். 4கே என்று ஒட்டியிருந்தாலும் தெருவிளக்கில் முகம் இருட்டாகத்தான் விழும். 4கே-யைவிடத் தெளிவு குறைந்த 1080 போதும், அது நிஜமாக இருந்தால். கடையில் டியூப் லைட்டுக்குக் கீழே காட்டுவதை நம்பாமல், இரவு ஏழரை மணிக்கு ஒரு டீக்கடை முன்னால் ஆளை நிறுத்தி எடுத்துப் பாருங்கள். நைட் விஷன் வேண்டாம். 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு இருட்டில் லேசாகச் சிவந்து தெரியும். உங்கள் காவலரைக் காட்டிக் கொடுத்துவிடும்.

தரகர்கள் விளையாடுவது மெமரி கார்டில்தான். மேலே 128 என்று அச்சடித்து, உள்ளே 8 ஜிபி மட்டுமே இருக்கும் போலிகள் உண்டு. நிறைந்த பிறகும் பதிவாவது போலவே காட்டும். திறந்தால் படம் ஓடாது. கேமராவோடு ‘இலவசமாக’ வரும் கார்டைத் தொடாதீர்கள். பில்லோடு தனியாக வாங்கி, ஒருமுறை முழுக்க நிரப்பி, எல்லாக் கோப்பும் ஓடுகிறதா என்று பாருங்கள். குறைந்த விலைக்காரருக்கே ஆர்டர் என்று விதி வைத்துவிட்டு, வழக்கு தோற்றதும் காவலரிடம் விளக்கம் கேட்கிறார்களே, அது என்ன நியாயம்?

அப்புறம் கடிகாரம். சார்ஜ் இறங்கினால் பல மலிவுக் கேமராக்களில் தேதி மாறிவிடும். எதிர்த்தரப்பு வக்கீல் அதை விடமாட்டார். கிளம்பும்போது தேதியைச் சரிசெய்து, செல்போனில் தெரியும் மணியையும் சில நொடி படம் எடுத்துவிடுங்கள்.

படத்தை பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தால், அது எந்தக் கருவியில் எப்படி எடுத்தது என்று சொல்லும் சான்றிதழ் கட்டாயம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63-வது பிரிவு இது. அதில் ‘ஏ’ பகுதி கருவிக்குப் பொறுப்பானவருக்கு, ‘பி’ பகுதி நிபுணருக்கு. ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும்; அது கோப்பின் கைரேகை மாதிரி, கோப்பில் துளி மாறினாலும் அதுவும் மாறிவிடும். மூலக் கருவியையே கோர்ட்டில் வைத்தால் சான்றிதழ் தேவையில்லை என்று பழைய சட்டத்தின் கீழ் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் மூலம் என்றால் படம் முதலில் பதிவான அதே கேமரா, அதே கார்டு. கணினியில் ஏற்றியது மூலம் இல்லை, வாட்ஸ்அப்பில் வந்ததும் இல்லை. கருவிக்கு உரியவர் கூண்டேறி, இது என்னுடையது, நான் இயக்கியது என்று சொல்லவும் வேண்டும். கார்டை அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டால் அந்த வழியும் போய்விட்டது. அதனால் வழக்குக்கு ஒரு கார்டு. எடுத்ததும் ஹாஷ் குறித்து, உறையிலிட்டு சீல் வைத்துவிடுங்கள்.