மிளகாய் காரம், ஆனால் காரம் இல்லை!

கேள்வி: அறிவியல் தேர்வில் ‘காரத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு தருக’ என்ற கேள்விக்கு ‘மிளகாய்’ என்று எழுதி என் மகள் மதிப்பெண் இழந்தாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: குழந்தை மேல் தவறில்லை. நாக்கில் எரிவதும் காரம், அமிலத்துக்கு எதிரானதும் காரம் என்று ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்திருக்கிறோம். இலங்கைத் தமிழில் நாக்கில் எரிவது ‘உறைப்பு’, குழப்பமே இல்லை. வீட்டுச் சொல்லைக் கலைச்சொல்லாக எடுத்தவர்களுக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லும் பொறுப்பும் உண்டு. அதைச் செய்யாமல் மதிப்பெண்ணை வெட்டுவது அநியாயம்.

மிளகாயில் எரிவது கேப்சைசின். சூட்டை உணரும் நரம்பை அது தூண்டுவதால் நாக்கு சுட்டதுபோல் இருக்கிறது. மிளகாய்ச் சாறு மெல்லிய அமிலம்தான். அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் லிட்மஸ் தாளில், சிவப்புத் தாளை அது தொட்டால் நிறம் மாறாது. சோப்புத் தண்ணீர் அந்தத் தாளை நீலமாக்கும், விரலில் வழுவழுக்கும். இந்த இரண்டையும் மகளையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். தேர்வில் எழுத வேண்டியது சோடியம் ஹைட்ராக்சைடு அல்லது கால்சியம் ஹைட்ராக்சைடு. இவற்றைத் தொட்டுப் பார்க்கவே கூடாது, தோலை அரிக்கும்.

‘பெயரில் காரம் வந்தால் காரம்’ என்று குறுக்குவழி சொல்லித்தரும் டியூஷன் நோட்ஸ்களை நம்பவே நம்பாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு தவறைப் பாடமாக்குகிறார்கள். வெங்காரத்துக்கு (போராக்ஸ்) அது ஓரளவு பொருந்தும், அதன் கரைசல் காரத்தன்மை உள்ளது. படிகாரத்தில் கவிழ்ந்துவிடும். அது பொட்டாசியம் அலுமினியம் சல்ஃபேட் என்னும் உப்பு. நீரில் கரைந்ததும் அதிலுள்ள அலுமினியம் நீர் மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுவதால் கரைசல் அமிலமாகிறது. அரை டம்ளர் நீரில் ஒரு தேக்கரண்டி படிகாரப் பொடியைக் கலக்கி நீல லிட்மஸை நனையுங்கள், சிவக்கும். ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள், எலுமிச்சைச் சாற்றில் போட்டதுபோல் நுரைத்துப் பொங்கும். சுவையோ துவர்ப்பு. ஆக, நாக்குக்கும் அது காரமில்லை, ரசாயனத்துக்கும் காரமில்லை.

இந்தப் பெயர்க் குழப்பம் தேர்வோடு நிற்பதில்லை. கடையில் வெறுமனே ‘காரம்’ என்று கேட்டால், கையில் கிடைத்த வெள்ளைக் கட்டியைப் பொட்டலம் கட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். படிகாரமா வெங்காரமா என்று முழுப்பெயர் சொல்லி, பொட்டலத்தின் மேலும் எழுதி வாங்குங்கள். வெங்காரம் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. வாய்ப்புண்ணுக்குத் தடவச் சொன்னாலும் தடவாதீர்கள்.