ஒருமுறை வந்து பேசினால் போதுமா?

வணக்கம் சகோதரி. கிழக்கு லண்டனில் நீங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு, பள்ளியை அடிக்கடி மட்டம் போடும் 15 வயதுப் பெண்கள் சிலர் வருவதாகவும், அவர்களிடம் பேச ஒரு கறுப்பினப் பெண் வழக்கறிஞரை அழைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக அழையுங்கள். ஆனால் ஒரு நாள் பேச்சோடு விட்டுவிடாதீர்கள்.

உங்கள் ஊரிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2009 ஏப்ரலில் மிஷெல் ஒபாமா, இஸ்லிங்டனில் உள்ள எலிசபெத் காரெட் ஆண்டர்சன் பெண்கள் பள்ளிக்கு வந்தார். சிகாகோவின் தென்பகுதியில், நகராட்சித் தண்ணீர் நிலையத் தொழிலாளியின் மகளாக வளர்ந்தவர் அவர். பேசி முடித்ததும் மாணவிகளைக் கட்டி அணைத்துக்கொண்டார். அதோடு மறந்துவிடவில்லை. 2011இல் அதே பள்ளி மாணவிகளை ஆக்ஸ்ஃபோர்டில் சந்தித்தார், அப்புறம் சிலரை வெள்ளை மாளிகைக்கே வரவழைத்தார். எனக்கு அந்தத் தொடர்ச்சிதான் பெரிதாகத் தெரிகிறது.

நானும் ஒரு பெண்ணுக்கு வழிகாட்டியாக இருந்தேன். மூன்று வாரம், ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான்காம் வாரம் கிளம்பும்போது, "அடுத்த வாரமும் வருவீங்களா?" என்று கேட்டாள். அதற்கப்புறம்தான் பேச்சே தொடங்கியது.

அதனால் வழக்கறிஞரிடம் ஆறு சந்திப்புகளாவது கேளுங்கள். ஒரு நாள் நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள், பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்து வழக்கைப் பார்க்கலாம். தொடர்ந்து வருவார் என்றால், அவருடைய குற்றப் பின்னணியைச் சரிபார்க்கும் டிபிஎஸ் (DBS) சோதனைக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.